ஸ்க்ரோல் பண்ணா பக்கம் குதிக்குதா? தப்பு நெட்டிலா, போனிலா? கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட்!

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி மகளின் தேர்வு முடிவைப் பார்க்க போனைத் திறக்கிறார் ஒருவர். பக்கம் பாதி வருகிறது. பதிவு எண் போடும் கட்டத்தைத் தொடப் போகும் நேரத்தில், மேலே திடீரென ஒரு விளம்பரம் வந்து உட்கார, கட்டம் கீழே இறங்கிவிடுகிறது. விரல் பட்டது விளம்பரத்தில். இப்போது திரையில் ஏதோ ஒரு லோன் ஆப். திரும்பி வந்தால் மறுபடியும் முதலில் இருந்து!

"நெட் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நாம் எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். ஆனா, ஸ்க்ரோல் பிரச்னை எல்லாமே நெட் பிரச்னை இல்ல. சில நேரம் போன், சில நேரம் அந்த இணையதளத்தை உருவாக்கியவர்கள். எது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்.

முதல்ல இந்த டெஸ்ட் பண்ணுங்க

சிக்கல் தரும் பக்கத்தை முழுசா லோடு ஆக விடுங்கள். அட்ரஸ் பார் அருகே ஓடும் அந்த மெல்லிய கோடு முடியும் வரை திரையைத் தொட வேண்டாம். முடிந்ததும் ஏரோபிளேன் மோடை ஆன் செய்யுங்கள். இப்போது நெட்டே இல்லை. அந்த நிலையில் மேலும் கீழும் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்கள்.

வழுக்கிக்கொண்டு போகிறதா? அப்படின்னா இதுவரை தொல்லை கொடுத்தது நெட் வேகம்தான். நெட் இல்லாமலும் திக்கித் திக்கி நகர்கிறதா? அப்போ நெட்டைத் திட்டிப் பயனில்லை. அடுத்து போனின் செட்டிங்ஸ் பட்டியலையோ கான்டாக்ட் பட்டியலையோ தள்ளிப் பாருங்கள். அதுவும் திக்கினால் போன் திணறுகிறது என்று அர்த்தம். அது நன்றாக ஓடி, அந்த ஒரு பக்கம் மட்டும் திக்கினால், பக்கம்தான் கனம்.

பக்கம் ஏன் குதிக்குது?

பிரவுசர் ஒரு பக்கத்தை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு காட்டுவதில்லை. எழுத்து முதலில் வரும், காட்டிவிடும். படம் பின்னால் வரும். அந்தப் படத்தின் அகல உயரத்தை இணையதளம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், பிரவுசர் அதற்கு இடம் விட்டு வைக்கும். சொல்லாவிட்டால், படம் வந்த பிறகுதான் இடம் தேடும், கீழே உள்ள எல்லாவற்றையும் தள்ளும். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு நடுவில் ஒருவர் வந்து "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பது மாதிரி.

வேகமான நெட்டில் இந்தத் தள்ளுமுள்ளு அரை நொடியில் முடிந்துவிடும், நம் கண்ணுக்கே தெரியாது. மெதுவான நெட்டில் அரை நிமிடத்துக்கு நீளும். நாம் அதற்குள் பாதி படித்திருப்போம்.

தமிழ்ப் பக்கங்களில் கூடுதலாக ஒரு சிக்கல். முதலில் போனில் இருக்கும் தமிழ் எழுத்துருவில் செய்தி தெரியும். பிறகு இணையதளத்தின் சொந்த எழுத்துரு இறங்கி வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். இரண்டுக்கும் அகலம் வேறு என்பதால் வரிகள் உடைந்து, பத்தி நீண்டு, நீங்கள் படித்த இடம் நகர்ந்துவிடும்.

இதை அளக்க 2020-ல் கூகுள் ஒரு அளவுகோலையே கொண்டு வந்தது. பக்கம் எவ்வளவு நகர்கிறது என்பதற்கு மதிப்பெண். 0.1 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நல்ல பக்கம். அதற்கு முன்பே, 2017-ல் குரோம் பிரவுசரில் மேலே ஏதாவது புதிதாக வந்தாலும் படிக்கும் இடத்தை நங்கூரம் போட்டு நிறுத்தும் வசதி வந்தது. பல நேரம் அது காப்பாற்றும். ஆனா திரையில் தெரியும் பகுதிக்குள்ளேயே விளம்பரம் வந்து விழுந்தால் அதுவும் கைவிட்டுவிடும். (செய்தித் தளங்கள் இதில் பெரிய குற்றவாளிகள். நாங்களும் செய்தித் தளம்தான் என்பது தெரிந்தே சொல்கிறேன்.)

வெள்ளைத் திரை வேறு, உறைந்த திரை வேறு

வேகமாகத் தள்ளினால் சில நொடி வெறும் வெள்ளையாகத் தெரியும். விரலுக்குப் பக்கம் நகர்கிறது, ஆனா உள்ளே இருப்பதை வரைந்து முடிக்கவில்லை அல்லது படம் இன்னும் வந்து சேரவில்லை. மெதுவாகத் தள்ளினால் சரியாகும்.

விரலுக்கே பக்கம் அசையாமல் உறைந்து நிற்பது வேறு நோய். பல போன் திரைகள் நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகின்றன. ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட், அதாவது விளம்பரம், வீடியோ, கணக்கெடுக்கும் நிரல் எல்லாம், போனின் மூளையைப் பிடித்துக்கொண்டால் திரை காத்திருக்கும். விலை குறைந்த போன்களில் இதுதான் முக்கியக் காரணம். நல்ல வைஃபை கொடுத்தாலும் தீராது.

1.5 ஜிபி தீர்ந்த பிறகு என்ன ஆகுது?

தினசரி டேட்டா தீர்ந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். அது நொடிக்கு வெறும் 8 கேபி. உலக அளவில் இணையப் பக்கங்களை அளக்கும் எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்குப்படி, 2024-ல் மொபைலுக்கான முகப்புப் பக்கங்களில் நடுத்தரமான ஒன்றின் எடை சுமார் 2.3 எம்பி. வகுத்துப் பாருங்கள், ஒரே ஒரு பக்கம் முழுசா வர கிட்டத்தட்ட 5 நிமிடம்! அந்த 5 நிமிடமும் பக்கம் குதித்துக்கொண்டேதான் இருக்கும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்ல குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என 2023-ல் உயர்த்தப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் இது முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் மாலையில் நெட் இழுத்தால், முதலில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேச் க்ளியர் பண்ணாதீங்க!

எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதல் அறிவுரை "கேச் க்ளியர் பண்ணுங்க" என்பதுதான். மெதுவான நெட்டில் இது தலைகீழ் வைத்தியம். கேச் என்பது முன்பே இறக்கிய படம், எழுத்துரு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் இடம். அதை அழித்தால் எல்லாவற்றையும் அதே மெதுவான நெட்டில் மறுபடி இறக்க வேண்டும். போனில் இடமே இல்லை என்றாலோ, ஒரு பக்கம் தொடர்ந்து உடைந்து தெரிந்தாலோ மட்டும், கடைசியாகச் செய்யுங்கள்.

அதற்குப் பதில், படிப்பதற்கு ரீடிங் மோட். குரோமின் மூன்று புள்ளி மெனுவிலும், ஃபயர்பாக்ஸ், சஃபாரியில் அட்ரஸ் பார் பக்கத்திலும் இருக்கும். விளம்பரம், மெனு எல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும், குதிக்காது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தொட்டால் அந்த ஆப்புக்குள்ளேயே பக்கம் திறக்கும். அங்கே திக்கினால் மெனுவில் போய் வெளி பிரவுசரில் திறங்கள். ஓபரா மினி போன்ற பிரவுசர்கள் பக்கத்தைத் தங்கள் சர்வரில் சுருக்கி அனுப்பும். செய்தி படிக்க அருமை. ஆனா அந்தச் சுருக்கும் மோடில் படிவங்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பேங்க் வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

படிவம் நிரப்பும்போதுதான் ஆபத்து

செய்தி குதித்தால் எரிச்சலோடு போய்விடும். விண்ணப்பம் குதித்தால்? மாவட்டம் விழுப்புரம், வட்டம் செஞ்சி, பிறகு கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யும் பக்கங்களில், வட்டத்தைத் தொட்ட பிறகுதான் கிராமப் பட்டியல் சர்வரில் இருந்து வரும். பட்டியல் காலியாக இருந்தால் ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள், காத்திருங்கள். பட்டியலுக்குள் விரல் வைத்துத் தள்ளினால் பக்கத்துக்குப் பதில் பட்டியல் ஓடி, வேறு கிராமம் தேர்வாகிவிடலாம். பக்கத்தை நகர்த்த ஓரத்தில் உள்ள வெற்றிடத்தில் விரல் வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போய்த் திரும்பினால் படிவம் மொத்தமும் காலி! ரேம் குறைந்த போன், பின்னால் இருக்கும் பிரவுசர் பக்கத்தை வெளியேற்றிவிடுவதுதான் காரணம். மற்ற ஆப்களை முன்பே மூடிவிட்டு, மேலே வரும் நோட்டிஃபிகேஷனிலேயே ஓடிபியைப் பார்த்துவிடுங்கள்.

கோட்டைக்குப் போறீங்களா?

2025 ஜூலையில் 'மராத்திய ராணுவ நிலவமைப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. விடுமுறை நாளில் ஒரே டவரில் நூற்றுக்கணக்கான போன்கள் தொங்கினால், சிக்னல் கோடு முழுசா காட்டினாலும் நெட் நகராது. போதாததற்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று பாறை மலைகள். 800 அடி உயர ராஜகிரிக்குப் பின்பக்கம் டவர் இருந்தால், பாறையைத் தாண்டி சிக்னல் வருவது கஷ்டம். நாலு அடி தள்ளி, டவர் திசை திறந்திருக்கும் இடத்துக்குப் போனாலே வேகம் மாறலாம். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் போன் டவரைப் புதிதாகத் தேடும்.

அதைவிட நல்லது, கிளம்பும் முன்பே வேலையை முடிப்பது. ஆன்லைனில் டிக்கெட் எடுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோட்டை பற்றிப் படிக்க வேண்டிய பக்கத்தை குரோம் மெனுவில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டு இறக்கிவிட்டால், உச்சியில் நெட் இல்லாமலே திறக்கும்.

எங்கே நின்று பணம் கட்டினாலும் ஒன்று. பக்கம் உறைந்தது என்று பட்டனை இரண்டாவது முறை தட்டாதீர்கள். முதல் தட்டல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கலாம், பதில் மட்டும் மெதுவான நெட்டில் வந்துகொண்டிருக்கும். பேங்க் எஸ்எம்எஸ் வந்ததா, கணக்கில் பணம் குறைந்ததா என்று பார்த்த பிறகு அடுத்த முயற்சி.