மூணாறு போகாத விடுமுறை

டிசம்பர் பிறந்ததும் வங்கிக் கிளைகளில் நாட்காட்டிக் காலம் தொடங்கிவிடுகிறது. பணம் எடுக்க வருவோரும் நகைக்கடனைப் புதுப்பிக்க வருவோரும் வேலை முடிந்தபின் சற்றுத் தயங்கி நின்று, "புது வருஷக் காலண்டர் வந்தாச்சா?" என்று வினவுவர். பூங்காவும் மேம்பாலமும் அச்சிட்ட நாட்காட்டியை நீட்டினால், "சாமிப் படம் போட்டது இல்லையா?" என்பது அடுத்த வினா. இருபது ஆண்டுகளாக இந்த வினாவுக்கு விடையிறுத்து வரும் நாங்கள், அது எங்கிருந்து பிறந்தது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கடந்த டிசம்பரில் அதற்கும் வாய்ப்பு வந்தது.

திருநெல்வேலியிலிருந்து பணிமாறுதலில் திருவனந்தபுரம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூணாறு செல்வதென்று ஆகஸ்டிலேயே முடிவு செய்து, அறைக்கு முன்பணமும் கட்டியிருந்தோம். ஆனால் டிசம்பர் 31 மூன்றாம் காலாண்டின் கணக்கு முடிவு நாள். உடன் பணிபுரியும் அலுவலர் ஒருவர் மருத்துவ விடுப்பில் செல்ல நேர்ந்ததால், எங்கள் விடுப்பு எட்டு நாளிலிருந்து மூன்று நாளாகச் சுருங்கியது. மூணாறு கைவிடப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு பயிலும் மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. குளிருக்கென வாங்கிய ஸ்வெட்டர் விலைச்சீட்டுடன் அலமாரியில் கிடந்தது. டிசம்பர் விடியற்காலையிலும் வெப்பநிலை 22 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஊரில் அதற்கு வேறு பயன் ஏது?

எங்களை உறுத்திக்கொண்டிருந்தது மூணாறு மட்டுமன்று. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆச்சி, தொலைபேசி வந்த பின்னும் பேத்திக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுபவர். நவம்பரில் வந்த கடிதத்தை மகள் நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "அம்மா, நீங்களே வாசிங்க" என்று நீட்டினாள். தமிழ் பேசுகிறாள், ஆனால் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே எழுதிப் பழகியதில், தமிழ் எழுத்துகள் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

விடுப்பின் முதல் நாள் திங்கட்கிழமை. நேப்பியர் அருங்காட்சியகத்தின் வாயிலை அடைந்த பின்னரே, திங்கள்தோறும் அதற்கு விடுமுறை என்பது தெரிந்தது. விதிமுறைகளைப் படித்துப் பார்க்குமாறு வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் அறிவுரை கூறும் எங்களுக்கு இது வேண்டியதுதான். வெறுங்கையுடன் திரும்ப மனமின்றிப் பாளையம் வரை நடந்து, மாநில மைய நூலகத்தினுள் நுழைந்தோம். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1829இல் நிறுவப்பட்ட நூலகம் அது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. மூன்று ஆண்டுகளாக அதன் வாயிலைக் கடந்தே அலுவலகம் சென்றிருக்கிறோம்.

தமிழ் நூல்கள் இருந்த பகுதியில் மகளின் கண்ணில் முதலில் பட்டது 'மனோன்மணீயம்'. தமிழ்த்தாய் வாழ்த்தைத் திருநெல்வேலிப் பள்ளியில் நாள்தோறும் பாடியவள் அவள். அப்பாடல் 1891இல் வெளிவந்த இந்த நாடக நூலின் முகப்பில் உள்ளது என்று கூறினோம். அதை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர்; நூலகத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியில், அது மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில், தத்துவம் கற்பித்தவர். "அப்போ அந்தப் பாட்டு நம்ம ஊரிலிருந்துதான் போச்சா அப்பா?" என்றாள் மகள். திருவனந்தபுரத்தை அவள் "நம்ம ஊர்" என்று சொல்லி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை. சுந்தரம் பிள்ளை 1897இல் மறைந்தபோது அவருக்கு வயது 42 மட்டுமே. எங்கள் வயதும் அதைக் கடந்துவிட்டது என்பதை அவள் முன் கூறவில்லை.

மறுநாள் அருங்காட்சியகம் திறந்திருந்தது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880இல் நிறைவுற்ற அக்கட்டடத்தின் வண்ணப் பட்டைகளையும் மரவேலைப்பாட்டையும் விரைவாகவே பார்த்து முடித்தோம். அன்று எங்களை நிறுத்தி வைத்தவை அதே வளாகத்தில் உள்ள இரவி வர்மாவின் ஓவியங்கள். 1935இல் தொடங்கிய சித்திரா ஓவியக் கூடத்தின் உடைமைகளான அவற்றுக்கு, 2023இல் தனிக் கூடமே திறக்கப்பட்டிருக்கிறது. காலில் தைத்த முள்ளை எடுக்கும் பாவனையில் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை யார்தான் அறியார்? ஆச்சி வீட்டுச் சுவரில், துணிக்கடை நாட்காட்டியில், மங்கிய வண்ணத்தில் அவளைப் பலமுறை கண்டிருக்கிறோம். மூலத்தின் எதிரே நின்றபோதுதான், அச்சில் வெறும் பச்சைத் திட்டாக இருந்தது காடு என்பதும், தோழியரின் முகங்களில் தனித்தனிக் குறும்பு இருப்பதும் புலனாயின.

கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவி வர்மா, பதினான்காம் வயதில் இந்நகர அரண்மனைக்கு வந்தவர். அரசவை ஓவியரான இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணக் கலையைக் கற்பிக்க மறுத்துவிட்டார் என்றும், அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகமே திருமகளையும் கலைமகளையும் எளியோர் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டு சேர்த்தது. எங்கள் கிளையில் ஆண்டுதோறும் எழும் அந்த வினாவின் ஊற்று இங்கேதான் இருந்தது! வணிகவியல் படித்த குற்றத்தால் வரவு செலவையும் தேடிப் பார்த்தோம். படங்கள் நாடெங்கும் பரவியபோதும் அச்சகம் கடனில் மூழ்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு அது விற்கப்பட்டது. கலைஞர் கடன் கேட்டு வந்தால் நாங்கள் கொடுத்திருப்போமா என்று மனைவி கேட்டார். பிணையம் என்ன என்றோம். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாளை நாங்கள் சாலைக் கடைத்தெருவில் கழித்தோம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சந்தை அது. எங்கள் வாடிக்கையாளர் பலரின் நடப்புக் கணக்குகள் அங்கிருந்தே உயிர் பெறுகின்றன. மிளகாய் மண்டியும் பாத்திரக் கடையும் பூக்கடையும் நெருக்கியடிக்கும் அத்தெருவை அதுவரை வைப்புத்தொகை திரட்டும் இடமாக மட்டுமே கண்டிருந்தோம். அங்கே கடை நடத்திக்கொண்டே கதை எழுதியவர் ஆ. மாதவன். 1934இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், சுமை தூக்குவோரையும் சில்லறை வணிகரையும் திண்ணையில் உறங்குவோரையும் தமிழ் இலக்கியத்துக்குள் அழைத்து வந்தார். 'இலக்கியச் சுவடுகள்' என்னும் நூலுக்காக 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இவையனைத்தையும்விட எங்கள் மகளைப் பிடித்து நிறுத்திய செய்தி ஒன்றுண்டு. மாதவன் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டவர் அவர்.

அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை அஞ்சலில் வருவித்தோம். இரவு உணவுக்குப்பின் நாளொன்றுக்கு இரண்டு பக்கம் என்று மகள் உரக்க வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்துக்கே அரைமணி நேரம் ஆயிற்று. மாதவனின் நடையில் மலையாளச் சொற்கள் இயல்பாகக் கலந்து வரும். திருநெல்வேலித் தமிழில் வளர்ந்த நாங்கள் அவற்றில் இடறி நின்றோம். அவ்விடங்களில் அவளே பொருள் சொன்னாள். றகரத்திலும் ழகரத்திலும் அவள் திணறியபோது நாங்கள் எழுத்துக் கூட்டினோம். மூவரில் எவரும் தனித்து அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்திருக்க இயலாது என்றே தோன்றுகிறது.

ஜனவரியில் ஒரு மாலை, அலுவலகம் முடித்து நேரே குதிரை மாளிகைக்குச் சென்றோம். சுவாதித் திருநாள் கட்டிய அந்த அரண்மனையின் முற்றத்தில் ஆண்டுதோறும் அவர் பெயரில் இசைவிழா நடைபெறுகிறது, நுழைவுச்சீட்டு இல்லை. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தவர். மன்னரிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றவர். மாளிகைக்குப் பெயர் தந்தவை கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் 122 மரக்குதிரைகள். கச்சேரியின் நடுவே மகள் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கணக்குத் தவறிப் போயிற்று என்று குறைப்பட்டாள். முற்றத்தில் இலேசாகக் காற்று வீசியது. ஸ்வெட்டரைக் கொண்டு வந்திருக்கலாம் என்று மனைவி சொன்னார். அது வீண்பெருமைதான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆச்சிக்கு ஒரு நாட்காட்டியைச் சுருட்டி அனுப்பினோம். சாமிப் படம் இல்லாத எங்கள் வங்கி நாட்காட்டிதான். அதனுள் மகள் ஒரு கடிதம் எழுதி வைத்தாள், பதினோரு வரிகள். இரண்டு இடங்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் மலையாள எழுத்து விழுந்திருந்தது. மனைவி பேனாவை எடுத்தார்; பிறகு மூடி வைத்துவிட்டார். அப்படியே உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்தோம். நான்காம் நாள் ஆச்சி தொலைபேசியில் அழைத்து, முதலில் பேத்தியிடம் கொடுக்கச் சொன்னார்.