ஆக்கியின் கடமை

கணிப்பொறிக்கு ஏவல் வகுக்கும் முறைகளுள் பொருள்நோக்கு நிரலாக்கம் என்பதும் ஒன்று. அதன்கண் இனக்குழு, பொருள் என்னும் இரு சொற்கள் பெரிதும் வழங்கும். இனக்குழு என்பது ஒருவகைப் பொருள்கட்கெல்லாம் பொதுவான இலக்கணம். பொருள் என்பது அவ்விலக்கணத்தின்படி நினைவகத்தில் தோன்றும் தனியுரு. ‘தேதி’ என்பதை இனக்குழுவாகக் கொள்ளின், நாள், மாதம், ஆண்டு என்னும் மூன்றும் அதன் உறுப்புக்கள். 15-8-1947 என்பது அவ்வினத்துப் பிறந்ததொரு பொருள். நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் அறிஞர் இருவர் 1960-களில் இயற்றிய சிமுலா 67 என்னும் மொழியிலேயே இம்முறை முதற்கண் உருப்பெற்றது.

இனி, பொருள் பிறக்குங்கால் அதன் உறுப்புக்கட்கு மதிப்பு அளிப்பது யாது? அதுவே ஆக்கி, ஆங்கிலத்திற் கன்ஸ்ட்ரக்டர் எனப்படுவது. 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் என்பார் சி மொழியோடு இனக்குழுவை இணைக்கத் தொடங்கினார்; அம்மொழியே பின்னர் சி பிளஸ் பிளஸ் எனப் பெயர் பெற்றது. அதனிலும், 1995-இல் வெளிவந்த ஜாவாவிலும், ஆக்கி தன் இனக்குழுவின் பெயரையே தனக்கும் பெயராகக் கொள்ளும்; பொருள் பிறக்கும்போதெல்லாம் தவறாது இயங்கும்.

ஆக்கியை நாம் எழுதாதொழியின், ஜாவா தானே வெற்றாக்கி ஒன்றை நல்கும். அது நம் கருத்தை அறியாதாகலின், எண்ணுறுப்புக்களில் 0 என்பதே நிற்கும். சி பிளஸ் பிளஸ் மொழியிலோ, நினைவகத்தில் முன்னர்க் கிடந்த எச்சமே மதிப்பெனத் தோன்றவுங் கூடும்.

இதன் தீமையை யான் பட்டறிந்தேன். நண்பர்க்கு இரவல் தந்த நூல்களைக் கணக்கிட ஜாவாவில் ஒரு நிரல் எழுதினேன். தேதியை முதலிற் படைத்து, மூன்று உறுப்புக்களையும் பின்னர் நிரப்புவதே என் ஏற்பாடு. ஒருவன் திறத்தில் நிரப்ப மறந்தேன். அவன் நூல் பெற்ற நாள் 0-0-0 என நின்றது. அவன் 7,00,000 நாட்களுக்கு மேல் நூலை வைத்திருப்பதாக நிரல் உரைத்தது. நண்பர் நகைத்தனர், அவனோ, தன் பெயர் தவணை தவறியோர் வரிசையில் முதலில் நிற்கக் கண்டு முகம் வாடினான். பிழை என்னுடையது; பழி அவனுடையதாயிற்று.

பின்னர், நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்டுப் பெறும் ஆக்கி ஒன்றை யானே எழுதினேன். ஆக்கி ஒன்றை நாம் எழுதிய அளவில், ஜாவா தரும் வெற்றாக்கி நீங்கிவிடும். ஆதலின், மூன்றும் தராது தேதியைப் படைக்க முயலின், நிரல் இயங்குமுன்னரே இன்ன வரியிற் பிழையென மொழிபெயர்ப்பி சுட்டிக்காட்டும். மறதிக்கு அங்கே இடமில்லை.

ஆக்கி பெறுவதோடு அமையாது, ஆராயவும் வேண்டும். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாட்களே, 2000-இலோ 29. எனவே 29-2-1900 எனத் தரின், ஆக்கி விதிவிலக்கு எழுப்பி மறுத்தல் வேண்டும். மறுக்கவே, அப்பொருள் நிரலின் கைக்கு எட்டாது. உறுப்புக்களைப் பிறர் மாற்றவியலாதவாறு மறைத்தும் வைப்பின், பிறப்பிற் பெற்ற செம்மை இறுதிவரை நிற்கும். ஆண்டு மட்டும் தெரிந்தவிடத்து, ஜனவரி முதல் நாளைத் தானே கொள்ளும் மற்றோர் ஆக்கியும் அமைக்கலாம். அதுவும் முதலாக்கியையே அழைக்குமாயின், ஆராய்ச்சி ஓரிடத்தே நிகழும்.

குறையுள்ள பொருளைப் பிறப்பித்துப் பின்னர்த் திருத்துவோம் என்பது மறதியுடைய மக்களாகிய நமக்குப் பொருந்தாத துணிவு. பிறக்கும்போதே நிறைவுறச் செய்தல் ஆக்கியின் கடமை. அவ்வாக்கியை எழுதுதல் நம் கடமை. அன்று வாடிய நண்பன் முகமே எனக்கு இதனைக் கற்பித்தது.