விடாத குதிகால் வலி: கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்க்கணும்?

காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது குதிகாலுக்குப் பின்னால் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும், மாலையில் திரும்ப வரும். ‘ஷூ சரியில்ல’, ‘யூரிக் ஆசிடா இருக்கும்’, ‘வயசாகுதுல்ல’ என்று காரணம் சொல்ல வீட்டிலும் ஆபீஸிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், மாதக்கணக்கில் விடாத இந்த வலிக்கும் ரத்தத்தில் ஓடும் கொழுப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது.

யாருக்கெல்லாம் வருகிறது?

தசையை எலும்போடு கட்டிவைக்கும் கயிறு போன்ற பகுதிதான் தசைநாண். உடம்பிலேயே தடிமனானது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் அக்கிலிஸ் தசைநாண். தோள், முழங்கை, முழங்கால் என்று மூட்டு இருக்கும் இடமெல்லாம் தசைநாண் உண்டு.

1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர் சிதம்பரம். மணிக்கணக்கில் கால் தட்டிப் பயிற்சி எடுக்கும் நடனக் கலைஞருக்குக் குதிகால் வலித்தால் காரணம் புரிகிறது. கடலூர் சில்வர் பீச் மணலில் திடீரென்று ஓட ஆரம்பித்தவருக்கு வந்தாலும் புரிகிறது. ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தினமும் பஸ்ஸில் போய்வந்து, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் அதே வலி வருகிறதே, ஏன்? இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களை ரத்தப் பரிசோதனை பக்கம் திருப்பியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2009இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட அக்கிலிஸ் வலி உள்ள 60 பேரின் ரத்தக் கொழுப்பை வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வலி உள்ளவர்களிடம் ட்ரைகிளிசரைடு அதிகமாகவும், ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் சார்ந்த அளவு குறைவாகவும் இருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் தெரியும் அதே அடையாளம் இது.

2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளை, மொத்தம் 2,612 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தசைநாண் வலியோ அதன் அமைப்பில் மாற்றமோ உள்ளவர்களுக்கு மொத்த கொலஸ்ட்ரால், எல்டிஎல், ட்ரைகிளிசரைடு மூன்றும் சராசரியாக அதிகம், எச்டிஎல் குறைவு என்று முடிவு வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதைத்தான் இவை காட்டுகின்றன. கொழுப்புதான் வலியைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடல் எடை, சர்க்கரை நோய், உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை ஆகியவை இரண்டுக்கும் பின்னால் நிற்கலாம்.

கொழுப்பு தசைநாணை என்ன செய்யும்?

தசைநாணின் பெரும்பகுதி கொலாஜன் எனும் புரத இழைகள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, பழுது பார்க்கும் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். அக்கிலிஸின் உட்பகுதித் திசு சுமார் 17 வயதுக்குப் பிறகு கிட்டத்தட்ட புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று டென்மார்க் ஆய்வு ஒன்று 2013இல் காட்டியது. கல்லூரியில் சேர்ந்தபோது இருந்த கயிறுதான் கடைசி வரைக்கும்!

இந்த இழைகளுக்கு நடுவே கொழுப்பு படியலாம். அதை விழுங்க வரும் நோய் எதிர்ப்பு செல்கள் சின்ன அளவில் அழற்சியை உண்டாக்கலாம். இப்படித்தான் தசைநாண் பலவீனமாகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

இதன் உச்சகட்ட வடிவம் பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் நோய். உலக அளவில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிறவியிலிருந்தே எல்டிஎல் அதிகமாக இருப்பதால், சிலருக்குக் குதிகால் தசைநாண் தடித்துக் கட்டி போல ஆகிவிடும். விரல் முட்டிகளுக்கு மேலும் கட்டி தெரியலாம். எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து செல்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதை இந்த நோய் வழியாகக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுத்த தரவுகளை வைத்து ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு 2014இல் ஒரு கணக்கு சொன்னது. பரிசோதித்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்லை. பரிசோதித்த மொத்தப் பேரில் 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். மொத்த கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான்.

இப்போது அக்கிலிஸ் ஆய்வைத் திரும்பப் பாருங்கள். அங்கே தெரிந்ததும் இதே ஜோடிதான்: ட்ரைகிளிசரைடு மேலே, எச்டிஎல் கீழே. ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் பார்ப்பது ‘மொத்த கொலஸ்ட்ரால்’ என்ற முதல் வரியை மட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு ஆணுக்கு மொத்த கொலஸ்ட்ரால் 170, எல்டிஎல் 90, ட்ரைகிளிசரைடு 240, எச்டிஎல் 32 என்று வைத்துக்கொள்வோம் (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்). மொத்தம் 200க்குக் கீழே, எல்டிஎல் 100க்குக் கீழே. ‘நார்மல்’ என்று மடித்து வைத்துவிடுவோம். ஆனால் ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழே இருக்க வேண்டும். எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கு மேலும் பெண்களுக்கு 50க்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டுமே சரியில்லை.

இன்னொரு கழித்தல் கணக்கும் போடலாம். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் 138. இதற்குப் பெயர் நான்-எச்டிஎல், 130க்குக் கீழே இருப்பது நல்லது. ‘நார்மல்’ ரிப்போர்ட் இதிலும் தாண்டிவிட்டது.

அப்போ கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா வலி போயிடுமா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. தசைநாண் வலிக்கு முக்கியச் சிகிச்சை படிப்படியாகச் சுமை ஏற்றும் உடற்பயிற்சிதான். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் பிரபலமாக்கினார். அது 12 வாரத் திட்டம். நாலு நாள் செய்துவிட்டு ‘ஒண்ணும் கேக்கல’ என்று விட்டால் பலன் கிடைக்காது. எந்த அளவில் தொடங்குவது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை முடிவு செய்வது இதய ஆபத்தை வைத்துத்தான். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கால் வலிக்கிறது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது.

என்ன செய்யலாம்?

வலி மூன்று மாதம் தாண்டினால் சர்க்கரையோடு கொலஸ்ட்ரால் டெஸ்டும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால் வலி என்றால் எலும்புப் பிரிவு, கொலஸ்ட்ரால் என்றால் பொது மருத்துவம் என்று தனித்தனி வரிசையில் நிற்கிறோம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, முன்பு ராஜா முத்தையா என்று அழைக்கப்பட்ட சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியோ, தனியார் கிளினிக்கோ, எங்கே போனாலும் இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

வலியே இல்லாவிட்டாலும் 18 வயதில் முதல் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துவிட வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, குதிகால் தசைநாண் தடித்துக் கட்டி போல இருந்தாலோ தள்ளிப்போடவே கூடாது.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சமீபத்தில் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தசைநாண் பாதிப்பு வரலாம் என்று 2008இலேயே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அந்த மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

சாப்பாட்டில், ‘எண்ணெயைக் குறைச்சிட்டேனே’ என்பது மட்டும் போதாது. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரை, மைதா, தட்டு நிறைய வெள்ளைச் சோறு, மது எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவர் அதில் போகும் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு மத்தி, கானாங்கெளுத்தி பக்கத்திலேயே கிடைக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

திடீரென்று ‘பட்’ என்ற சத்தத்தோடு வலி வந்து, முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி, பழைய ரிப்போர்ட் ஏதாவது போனில் பிடிஎஃப்-ஆகக் கிடக்கும். இப்போதே திறந்து ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் வரிகளைப் பாருங்கள். குதிகால் வலித்தாலும் வலிக்காவிட்டாலும், அந்த இரண்டு எண்களும் இதயத்துக்கு முக்கியம்.