ரிவர்ஸிலும் நாலு கியர்!

முன்னாடி போக நாலு கியர். பின்னாடி போகவும் நாலு கியர்! மெக்கானிக்கல் பசங்களே, ‘என்னடா கதை விடுறான்?’னு முறைக்காதீங்க. 1955-ல் ஜெர்மனியில் வந்த மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200 நிஜமாவே அப்படித்தான் ஓடியது.

பார்க்க, இறக்கை இல்லாத குட்டி விமானம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நம்ம ஆட்டோவுக்கு அப்படியே உல்டா! தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடியைப் பக்கவாட்டில் தூக்கித்தான் உள்ளே ஏறணும். ஸ்டீயரிங் வீலுக்குப் பதிலா ஹேண்டில்பார். கூட வர்றவர் டிரைவருக்குப் பின்னால், பைக் பில்லியன் மாதிரி.

விமான ஜாடை சும்மா வரலை. இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானம் தயாரிக்கத் தடை. போர் விமானங்களுக்குப் பேர் போன மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனி, வேறு வேலை தேடியது. அதே சமயம், ஃப்ரிட்ஸ் ஃபெண்ட் என்ற விமான இன்ஜினீயர், போரில் ஊனமுற்ற வீரர்களுக்காக 1948-ல் ஒரு மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார். அதற்கு இன்ஜின் வெச்சதும், நல்லா நடக்கிறவங்களும் ‘எனக்கும் ஒண்ணு’னு கேட்க ஆரம்பிச்சாங்க. 1952-ல் ஃபெண்ட் மெஸ்ஸர்ஷ்மிட்டோடு கைகோக்க, 1953-ல் கே.ஆர்.175 வந்தது. அதன் தம்பிதான் கே.ஆர்.200.

சரி, ரிவர்ஸ் ரகசியம்? உள்ளே இருந்தது 191 சி.சி. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். இதில் வால்வு, கேம்ஷாஃப்ட் எதுவும் கிடையாது. பிஸ்டனே போர்ட்டைத் திறந்து மூடும். அதனால் இக்னிஷன் டைமிங்கை மட்டும் சரி பண்ணினால், இன்ஜின் எதிர்த் திசையிலும் சுத்தும். வண்டியை ஆஃப் பண்ணி, சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தி ஸ்டார்ட் பண்ணினா, நாலு கியரும் ரிவர்ஸ்!

ஒருத்தர் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்ததால் வண்டியின் அகலம் குறைந்தது, காற்றின் எதிர்ப்பும் குறைந்தது. வெறும் 10 குதிரைசக்தியிலேயே பறந்தது. 1955-ல் ஹாக்கன்ஹைம் பந்தயத் தளத்தில் இதன் ரேஸ் மாடல், சராசரியா மணிக்கு 103 கி.மீ. வேகத்தில் 24 மணி நேரம் ஓடி அசத்தியது.

1956-ல் மறுபடி விமானம் தயாரிக்க அனுமதி கிடைத்ததும் மெஸ்ஸர்ஷ்மிட் ஒதுங்கிக்கொண்டது. ஃபெண்ட் விடலை. பார்ட்னரோடு சேர்ந்து ரீகன்ஸ்பர்க் ஃபேக்டரியை வாங்கி, தொடர்ந்து நடத்தினார். ஆனால் ஜனங்க கையில் காசு புழங்க, நாலு பேர் உட்காரும் காருக்கு மவுசு ஏறியது. 1964-ல் கே.ஆர்.200-க்குக் குட்பை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி மண்டை காயுறீங்களா? முதல்ல, உங்க தெருவில் யார் எதுக்குக் கஷ்டப்படுறாங்கன்னு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வாங்க. ஃபெண்ட் ஆரம்பிச்சது அங்கேதான்!