பழைய கேசட்டும் 52-ஆம் பிரிவும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமிருந்து வந்தால் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி தொடங்கிவிடும். மது பாட்டிலின் விலை அங்கே மாறும். கைபேசியில் மாரியோ ஆடுகிறவருக்கு மட்டும் எல்லையின் இரு பக்கமும் ஒரே சட்டம்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்.

அந்த மாரியோவை ஓட்டுவது எமுலேட்டர். 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ பெட்டியின் சில்லு, ‘ஏ9’ என்ற குறியீட்டைக் கண்டால் அடுத்து வரும் எண்ணை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ‘ஏ9, 05’ என்றால் 5. எமுலேட்டர் சில்லே இல்லாமல், கைபேசியின் நினைவகத்தில் ஓர் இடத்தில் அந்த 5-ஐப் போட்டுவைக்கிறது. நொடிக்குச் சில லட்சம் தடவை இதே வேலை. தான் ஓடுவது பெட்டியிலா கைபேசியிலா என்பது ஆட்டத்துக்குத் தெரியாது.

இதில் திருட்டு எங்கே? ஒழுங்காக எழுதிய எமுலேட்டரில் நின்டெண்டோவின் நிரல் வரி ஒன்றுகூட இருக்காது. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குப் போட்டது. ஆராய்ச்சிக்காக சோனி பெட்டியின் அடிப்படை மென்பொருளான பயாஸை நகலெடுத்ததும் நியாயமான பயன்பாடுதான் என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தோற்ற சோனி, மறு ஆண்டே அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி இழுத்து மூடியது!

நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தாராளமானதுதான். மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர் அது இயங்கும் விதத்தை ஆராயலாம்; காப்புப் பிரதியும் எடுக்கலாம். நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு 2012-இல் வந்தது. அதிலும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் தண்டனை. பூட்டு விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் இவ்வளவு இளகியதல்ல: நின்டெண்டோ ஆட்டங்களை ஓட்டிய யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 2024-இல் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள்.

சிக்கல் ‘முறைப்படி’ என்பதில்தான். இணையத்திலிருந்து இறக்கிய ஆட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் டிவி கேம் என்று ஓடியதோ பெரும்பாலும் போலிப் பெட்டி. அதில் செருகிய ‘9999999 இன் 1’ கேசட்டும் போலி. உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கேசட்டைப் பரணிலிருந்து எடுத்துக் காட்டினாலும் 52-ஆம் பிரிவு கைகொடுக்காது. நின்டெண்டோ வெளியிட்ட அசல் கேசட்டை யாரிடமாவது பழையதாக வாங்கினால்தான் உண்டு.