அடுப்பை அணைத்த பிறகும் கடலை வேகும்

கொழுந்து நிறுத்து, கூடையைக் கொண்டுவந்து இஸ்தோப்பில் வைக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் தண்ணி பிடிக்கணும், பிள்ளைகளைப் பார்க்கணும், அடுப்பு மூட்டணும். அந்த நேரத்தில் கடலை, கௌப்பி அவிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அதனால்தான் பல வீடுகளில் ரொட்டியும் சம்பலுமே நாளாந்தச் சாப்பாடாகிவிட்டது. அவசரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் வளருகின்ற பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் தானிய வகை வேண்டும்.

மலைநாட்டில் கடலை வேக நேரம் எடுப்பதற்கு விறகு மட்டும் காரணமல்ல. உயரம் கூடக் கூடத் தண்ணி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணி, ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதிக்கும். அதற்கு மேல் எத்தனை கட்டை விறகு வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. தளதளவென்று கொதித்தாலும் மெதுவாகக் கொதித்தாலும் சூடு ஒன்றுதான். வீணாகப் போவது விறகுதான்.

முதல் வேலை ஊறப்போடுவது. இதற்குக் காசு வேண்டாம். இரவில் படுக்குமுன் ஊறப்போட்டு, காலையில் பெரட்டுக்குப் போகுமுன் தண்ணியை மாற்றிவிட்டால் சாயந்தரம் பாதி வேலை முடிந்த மாதிரி. புளி, தக்காளி, தேசிக்காய் போன்றவற்றைக் கடலை வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் புளிப்பு கடலையை இளகவிடாது.

அடுத்தது சூட்டுப் பெட்டி. பானையில் ஏறிய சூட்டை வெளியே விடாமல் அடைத்து வைத்தால் அந்தச் சூடே மிச்சத்தை அவித்துவிடும். பெட்டி கடையில் வாங்கும் சாமான் அல்ல. சாமான் கடையில் கிடைக்கும் தடித்த காட்போட் பெட்டி போதும், மீன்காரர் கழித்த ரெஜிபோம் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாகக் கழுவிக் காய வைத்துக்கொள்ளுங்கள். அடியிலும் நாலு பக்கமும் நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த மானாப்புல், கிழிந்த கம்பளி, பழைய துணி, கசக்கிய பத்திரிகைத் தாள் என்று கையில் இருப்பதை இறுக்கி அடையுங்கள். நடுவில் பானை அளவுக்குக் குழி விடுங்கள். மேலே மூட, பழைய தலையணை ஒன்று போதும். மழைக்குப் போடும் றெட்டையோ நைலோன் துணியையோ பானையில் படவிட வேண்டாம், உருகிவிடும்.

ஊறிய கடலையை மூடிபோட்டுக் கொதிக்க விடுங்கள். கொதி வந்த பின் 15 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். பிறகு மூடியைத் திறக்காமல் இறக்கி, அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, உடனே பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். கடினமாக இருந்தால் இன்னொரு கொதி கொடுத்துத் திரும்பவும் வைக்கலாம். மைசூர்ப் பருப்புக்கு 5 நிமிடக் கொதியும் அரை மணித்தியாலப் பெட்டியும் போதும். சோற்றுக்கும் இதே முறைதான், ஆனால் ஆவி வெளியே போகாததால் தண்ணியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்கணும். ஒரு சுண்டு பருப்பைப் பெரிய பானையில் போட்டு வைத்தால் சீக்கிரம் ஆறிப் போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். நாலு மணித்தியாலத்துக்கு மேல் பெட்டியில் எதையும் விட்டுவைக்க வேண்டாம். இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும், இரவு வைத்த சோற்றைக் காலையில் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. சிவப்பு போஞ்சி விதையை 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடாமல் வைக்கவே கூடாது. அரைவேக்காட்டில் அது வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இறைச்சி, மீனை இதில் வைக்காமல் விடுவதே எங்கள் யோசனை.

"அடுப்பைப் பார்த்துக்கோ" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பீலிக்குப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெட்டியில் நெருப்பில்லை. பலகைத் தடுப்பும் தகரக் கூரையுமாக ஒட்டி ஒட்டிக் கிடக்கிற லயத்தில் இது சின்ன விஷயமல்ல. புகையும் அப்படித்தான். விறகுப் புகை சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியாக் காய்ச்சல் வரும் வாய்ப்பைக் கூட்டும், பெரியவர்களின் நெஞ்சையும் பழுதாக்கும். அடுப்பு எரிகிற நேரம் குறைந்தால் புகையும் குறையும்.

காஸ் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொஞ்சம் காசு சேர்க்க முடிந்தால் பிரஷர் குக்கர் நல்லது. ஆவி அடைபடுவதால் உள்ளே 120 பாகைக்குக் கிட்ட சூடு ஏறும், மலையின் உயரம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. றப்பர் வளையத்தையும் விசில் துவாரத்தையும் கழுவி வைக்க வேண்டும்.

கவ்வாத்து மிலாறை வெட்டியவுடன் எரிக்காமல், கூரைக்கடியில் அடுக்கிக் காயவிட்டு எரியுங்கள். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி அதன் தண்ணியை வற்ற வைக்கவே போய்விடும்.

பெட்டிக்குள் இருக்கும் கம்பளியையும் புல்லையும் ஞாயிற்றுக்கிழமையில் வெயிலில் போடுங்கள். ஈரம் கோர்த்தால் சூடு நிற்காது, கரப்பானும் குடியேறிவிடும்.