நாலு கிலோ எங்கே போனது?

போன தை மாதம் போடிக்குப் போயிருந்தேன். சித்தி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "தம்பி, ஆளைப் பாரு. நாலு கிலோ குறைஞ்சிருக்கேன்." ஐந்து வாரத்தில் நாலு கிலோ. உண்மைதான், ரவிக்கை தோளில் தொளதொளவென்று இருந்தது.

அடுக்களையில் ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பாட்டில். குட்டிப் பூசணி மாதிரி வரிவரியாக ஒரு மஞ்சள் பழம் லேபிளில். 60 மாத்திரை, 1,800 ரூபாய். தெருவுக்கே வந்து விற்றுவிட்டுப் போனார்களாம். பழத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, குடம்புளி. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் மீன் குழம்பில் கிடக்கும் அதே கறுப்புப் புளிதான்.

"நம்ம மலையில விளையுற சாமான். இதுல என்ன கெடுதல் வந்துரப் போவுது?" என்றார் சித்தி. அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியபின் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குடம்புளிக் கதை தொடங்குவது உண்மையான அறிவியலில். அதனால்தான் அது இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது. அதன் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று 1965இல் கண்டு சொன்னவர்கள் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். பிறகு அமெரிக்காவில் இன்னொன்று தெரியவந்தது. மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையில் ஏடிபி சிட்ரேட் லயேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. இந்த அமிலம் அதைத் தடுக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தார்கள், கொழுப்பு உற்பத்தி குறைந்தது. இதுவரை பொய் எதுவும் கிடையாது.

ஆனால் அந்த எலிகள் மாவுச்சத்தை ஏராளமாகத் தின்ற எலிகள். மனித உடம்பு, வழக்கமான சாப்பாட்டில், மாவுச்சத்திலிருந்து புதிதாகச் செய்துகொள்ளும் கொழுப்பு கொஞ்சம்தான். பெரும்பாலும் மாவுச்சத்தை எரிபொருளாக எரித்துவிட்டு, சாப்பாட்டில் வரும் எண்ணெயையும் நெய்யையும் அப்படியே சேமித்து வைத்துக்கொள்கிறது. வண்டியே அதிகம் போகாத ரோட்டில் செக்போஸ்ட் போட்ட மாதிரிதான் இந்தத் தடை.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 1998இல் ஹெய்ம்ஸ்ஃபீல்ட் குழுவினர் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. எடை கூடிய 135 பேர், 12 வாரம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குறைந்த கலோரிச் சாப்பாடு. பாதிப் பேருக்குத் தினம் 1,500 மில்லிகிராம் குடம்புளி அமிலம், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கடைசியில் குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ!

இந்த 3.2 கிலோவை மட்டும் ஒரு நோட்டீசில் அச்சடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "12 வாரத்தில் 3 கிலோ குறைப்பு, ஆய்வில் நிரூபணம்." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பக்கத்து வரிசையை மறைத்தால் போதும்.

அப்படியென்றால் சித்தியின் நாலு கிலோ எங்கே போனது?

கொஞ்சம் தண்ணீராகப் போயிருக்கும். பாட்டிலோடு கொடுத்த தாளில் "ராத்திரி சோறு வேண்டாம்" என்று இருந்தது. உடம்பு சில நூறு கிராம் மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் வைத்திருக்கிறது. அதோடு ஏறத்தாழ மூன்று மடங்கு தண்ணீரும் ஒட்டிக்கொண்டு இருக்கும். சோற்றைக் குறைத்தால் முதல் வாரமே அந்தச் சரக்கு கரையும், தண்ணீரும் வெளியேறும். எடை மெஷினில் ஒன்று ஒன்றரை கிலோ சட்டென்று இறங்கும். வயிற்றில் கட்டிக்கொண்டு வியர்க்கும் பெல்ட்டும் இதே தண்ணீர்க் கணக்குதான். போடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏலக்காய் ஸ்டோரில் ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் வரும். காய் எண்ணிக்கை குறைந்ததா என்ன? ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி கணக்குக் கொடுக்க வேண்டும். அது ஒரு வாரத்து வியர்வையில் முடிகிற காரியமில்லை.

மிச்சம் எங்கே போனது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேச்சுவாக்கில் சித்தி சொன்னார்: "சுகர் மாத்திரைய நிறுத்திட்டேன்ப்பா. ரெண்டையும் சேத்துப் போட்டா சூடுன்னாங்க." எட்டு வருஷமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போனேன். சர்க்கரை 268.

ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, சிறுநீரில் விட்டுவிடும். ஒவ்வொரு கிராமோடும் நாலு கலோரி போகும், கூடவே தண்ணீரும் போகும். உடம்பு பசியில் கிடக்கிறோம் என்று எண்ணித் தன் தசையையும் கொழுப்பையும் கரைக்கும். காரணமில்லாமல் மெலிவதை சர்க்கரை நோயின் அறிகுறியாக டாக்டர்கள் சொல்வது இதனால்தான். தெருவே பாராட்டிய மெலிவில் ஒரு பங்கு நோய் முற்றியதால் வந்தது. ராத்திரி நாலு தடவை எழுந்து போவதையும் "கெட்ட நீர் இறங்குது" என்றே நினைத்திருந்தார்.

"மலைச் சாமான்" என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. குழம்பில் போடும் இரண்டு சுளையும், சாறெடுத்துச் செறிவாக்கி வேளாவேளைக்கு விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல. 2009 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்ராக்சிகட் என்ற எடைக்குறைப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. கல்லீரல் பாதிப்பு உட்பட 23 புகார்கள், அதில் ஒரு மரணம். அதில் பல சரக்குகள் கலந்திருந்ததால் பழியைக் குடம்புளி ஒன்றின்மேல் போட முடியாது. ஆனால் குடம்புளி மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் கல்லீரல் கெட்டதாகப் பின்னால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இதே சரிவில் விளையும் இன்னொரு சரக்குக்கும் இந்தக் கதி நேர்ந்தது. குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் காபி உண்டு. வறுக்காத பச்சைக் காபிக்கொட்டையை 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் மெஹ்மெத் ஆஸ் மாயக்கொட்டை என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். ஆதாரம் அந்த வருஷம் வெளியான ஒரே ஒரு சின்ன ஆய்வு. 16 பேர், 22 வாரம், சராசரியாக 8 கிலோ குறைந்தார்களாம். சோதனை நடந்தது இந்தியாவில், காசு கொடுத்தது காபிச் சாறு விற்கும் டெக்சாஸ் கம்பெனி. ஆய்வை நடத்தியவர் ஆட்களின் எடையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார், யார் வெறும் மாத்திரை சாப்பிட்டார்கள் என்பதையும் தப்பாகக் குறித்தார் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014இல் குற்றம்சாட்டியது. கம்பெனி 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கட்டுரை வாபஸ் ஆனது. கொட்டை இன்றும் விற்கிறது.

நம் ஊரில் சட்டம் இல்லையா என்றால், 1954லேயே இருக்கிறது. மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம். மருந்தால் குணமாகும் என்று விளம்பரம் செய்யக் கூடாத கோளாறுகளின் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருக்கிற மாதிரியே தெரியாது. "உணவுப் பொருள்" என்று லேபிள் ஒட்டித் தப்பிப்பதும் நடக்கிறது.

சித்தி திரும்பவும் சுகர் மாத்திரை போடுகிறார். ஒரு மாதத்தில் சர்க்கரை இறங்கியது, இரண்டு கிலோ ஏறியது. "எல்லாம் உன்னாலதான்" என்று போனில் ஒரே வசவு. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப ஏலக்கா தண்ணி? வெறும் வயித்துல குடிச்சா குறையுதாமே?" என்றார்.

அதையும் பார்த்துவிட்டேன். ஈரானில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 87 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தினம் மூன்று கிராம் ஏலக்காய், மூன்று மாதம். கல்லீரல் அளவுகள் சிலவற்றில் முன்னேற்றம் இருந்தது. எடையில் வெறும் மாத்திரைக்காரர்களோடு பார்த்தால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

"அப்ப பாயசத்துக்கே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பாயசமா என்று கேட்பதற்குள்.